ஸ்பெயினின் உள்நாட்டுப் போர்: நினைவும் நீதியும்

இரண்டு நாடுகள் பொருதினால், போர் முடிந்ததும் பகைவன் எல்லைக்கு அப்பால் போய்விடுகிறான். உள்நாட்டுப் போரில் அப்படியன்று. கொன்றவனும் கொல்லப்பட்டவனின் மகனும் ஒரே ஊரில், ஒரே சந்தையில், ஒரே தெருவில் நாளும் முகம் பார்த்து வாழ வேண்டியிருக்கிறது. ஆகவேதான் அத்தகைய போரின் வரலாற்றை எழுதுவது கடினமாகிறது. ஒரு தரப்பார் அதை மறக்கச் சொல்கிறார்கள். மறு தரப்பார் நினைக்கச் சொல்கிறார்கள். எதை மறப்பது, யாரை நினைப்பது என்ற வினாவோ இரு தரப்பாரையும் சுடுகிறது.

இதற்கு ஸ்பெயினைவிடப் பொருத்தமான சான்று அரிது. அந்தலூஸின் பெயரால் நம் உள்ளங்களில் நெடுங்காலமாக இடம் பெற்றுள்ள நாடு அது. குர்துபாவையும் கர்னாத்தாவையும் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். ஆனால், இருபதாம் நூற்றாண்டில் அதே மண்ணில் பல்லாயிரம் முஸ்லிம்கள் மீண்டும் ஆயுதம் ஏந்தி நின்றதையும், மடிந்ததையும், பிறகு மறக்கப்பட்டதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

போரின் சுருக்கம்

1936 ஜூலை 17 அன்று, ஸ்பெயினின் ஆதிக்கத்தில் இருந்த வட மொராக்கோவில் படைத் தளபதிகள் தங்கள் குடியரசு அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். மறுநாள் கிளர்ச்சி ஸ்பெயினுக்குப் பரவியது. ஜெர்மனியின் ஹிட்லரும் இத்தாலியின் முஸோலினியும் கிளர்ச்சிக்காரருக்குத் துணை நின்றனர். சோவியத் நாடு குடியரசுக்கு ஆயுதம் அனுப்பியது. பிரிட்டனும் பிரான்சும் தலையிடாக் கொள்கை என்னும் திரைக்குப் பின்னே ஒதுங்கிக் கொண்டன. 1939 ஏப்ரல் 1 அன்று போர் முடிவுற்றதாகத் தளபதி பிராங்கோ அறிவித்தார். அதன்பின் 1975 நவம்பர் 20 அன்று இறக்கும்வரை அவரே நாட்டின் சர்வாதிகாரி.

பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் பால் பிரெஸ்டனின் கணக்குப்படி, போர்முனைக்கு வெளியே மட்டும் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவானோர் குடியரசுப் பகுதியிலும், எஞ்சிய பெரும்பான்மையினர் கிளர்ச்சிக்காரர் பகுதியிலும் உயிரிழந்தனர். போர் ஓய்ந்த பின்னரும் சுமார் இருபதாயிரம் பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கல்லில் பொறித்த பெயர்களும் பள்ளத்தில் கிடந்த உடல்களும்

வென்றவர்கள் தங்கள் மரணங்களை எண்ணினார்கள். 1940-இல் அரசே ஒரு பெரும் விசாரணையைத் தொடங்கி, குடியரசுப் பகுதியில் நடந்த கொலைகளை ஊர் ஊராகப் பதிவு செய்தது. அந்தக் கொலைகள் கற்பனையல்ல. பாதிரியார்களும் கன்னியாஸ்திரீகளுமாக 6,832 பேர் அங்கே உயிரிழந்தனர் என்று 1961-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மாட்ரிட் அருகே பாரகுவேயோஸில் 1936-இன் இறுதியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் சுடப்பட்டனர். இவர்களுடைய உடல்கள் தேடி எடுக்கப்பட்டு மரியாதையுடன் அடக்கப்பட்டன. இவர்களுடைய பெயர்கள் தேவாலயச் சுவர்களில் பொறிக்கப்பட்டன.

தோற்றவர்களின் மரணங்களோ எண்ணப்படவில்லை. சாலையோரப் பள்ளங்களிலும் இடுகாட்டுச் சுவர்களின் அடியிலும் அவர்கள் கிடந்தார்கள். அவர்களுக்காக உரக்க அழுவதும் ஆபத்தாக இருந்தது. மாட்ரிட் அருகே 1959-இல் திறக்கப்பட்ட மாபெரும் நினைவுச் சின்னத்தில் முப்பத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் கொண்டுவந்து வைக்கப்பட்டன. அவற்றுள் பல, குடும்பத்தாரின் அனுமதியின்றிப் பொதுக்குழிகளிலிருந்து எடுத்து வரப்பட்ட குடியரசுக்காரர்களின் உடல்கள்.

அந்நிய நாட்டில் அச்சான வரலாறு

உள்நாட்டில் உண்மை பேச முடியாதபோது, வரலாறு வெளிநாட்டில் அச்சேறியது. 1961-இல், முப்பது வயதுகூட நிறையாத ஹியூ தாமஸ் என்ற ஆங்கிலேயர் அந்தப் போரின் வரலாற்றை விரிவாக எழுதினார். ஸ்பெயினில் அது தடை செய்யப்பட்டது. பாரிஸில் ஸ்பானிய அகதிகள் நடத்திய ஒரு பதிப்பகம் அதன் ஸ்பானிய மொழிபெயர்ப்பை வெளியிட, அந்நூல் மறைவாக எல்லையைக் கடந்தது. 1936 ஆகஸ்டில் கர்னாத்தா அருகே சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் லோர்காவின் மரணத்தைத் துருவி ஆராய்ந்த அயர்லாந்துக்காரர் இயன் கிப்ஸனின் நூலும் 1971-இல் அதே பதிப்பகத்தில்தான் வெளிவந்தது.

கெர்னிகா நகரின் கதையும் இத்தகையதே. 1937 ஏப்ரல் 26 அன்று ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் அவ்வூரைக் குண்டு வீசி எரித்தன. இரண்டு நாள் கழித்து ஜார்ஜ் ஸ்டீயர் என்ற நிருபரின் செய்தி லண்டன் ‘டைம்ஸ்’ ஏட்டில் வெளியாகி உலகை உலுக்கியது. பிராங்கோவின் தரப்போ, பின்வாங்கிய செம்படையினரே ஊரைக் கொளுத்திவிட்டுப் போனார்கள் என்று சாதித்தது. அந்தப் பொய் பல்லாண்டுகள் பாடநூல் உண்மையாக உலவியது. பிகாஸோ தீட்டிய கெர்னிகா ஓவியம் 1981-இல்தான் ஸ்பெயின் மண்ணை மிதித்தது.

பேரர்கள் கேட்ட கேள்வி

பிராங்கோ இறந்தபின் ஜனநாயகம் மலர்ந்தது. 1977-இல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. சிறையில் இருந்த அரசியல் கைதிகளை அது விடுவித்தது; அவர்களைச் சித்திரவதை செய்தவர்களையும் விசாரணையிலிருந்து விடுவித்தது. மீண்டும் இரத்தம் சிந்தக்கூடாது என்ற அச்சத்தில் பிறந்த உடன்பாடு அது. அந்த அச்சத்தை எளிதாக இகழ்ந்துவிட முடியாது. ஆயினும் தந்தையின் உடல் எங்கே என்று அறியாத மகளுக்கு அந்த அமைதி யாது ஆறுதலைத் தரும்?

அக்கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் பேரர்கள். பத்திரிகையாளர் எமிலியோ ஸில்வா தம் பாட்டனாரைப் பற்றி நாவல் எழுதும் எண்ணத்துடன் லெயோன் மாகாணத்திற்குச் சென்றார். நாவலுக்குச் செய்தி தேடிப் போனவருக்குப் பாட்டனாரின் புதைகுழியே கிடைத்தது. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், பிரியரான்ஸா என்னும் சிற்றூரின் சாலையோரத்தில் பதின்மூன்று பேரின் எலும்புகள் தோண்டி எடுக்கப்பட்டன. மரபணுச் சோதனையின் வழியே பாட்டனார் அடையாளம் காணப்பட்டார். அதன்பின் நாடெங்கும் மக்கள் குழிகளைத் தேடத் தொடங்கினர். 2008-இல் நீதிபதி கார்ஸோன் திரட்டிய பட்டியலில், காணாமற்போனவர்களின் எண்ணிக்கை 1,14,000-ஐத் தாண்டியது.

2007-இலும் 2022-இலும் நினைவுச் சட்டங்கள் வந்தன. 2019 அக்டோபரில் பிராங்கோவின் உடல் அவர் கட்டிய நினைவுச் சின்னத்திலிருந்து அகற்றப்பட்டது. புண்ணைக் கீறுகிறார்கள் என்று ஒரு சாரார் இன்றும் குறை கூறுகின்றனர். மறு சாராரோ, மூடப்படாத புண்ணைக் கீறுவது எப்படி என்று கேட்கின்றனர்.

மூர்கள் எங்கே?

இத்தனை நூல்களும் சட்டங்களும் வந்தபின்னும் ஒரு கூட்டம் வெகுகாலம் நிழலிலேயே நின்றது. பிராங்கோவின் படையில் போரிட்ட மொராக்கோ முஸ்லிம்களே அக்கூட்டம். அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் பேர்வரை இருந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். ஏறத்தாழ பத்து லட்சம் மக்களே வாழ்ந்த பகுதிக்கு இது எத்தகைய எண்ணிக்கை என்பதை எண்ணிப் பாருங்கள்!

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புதான் அதே மலைநாட்டு மக்கள் அப்துல் கரீம் அல்-கத்தாபியின் தலைமையில் ஸ்பெயினை எதிர்த்தனர். 1921-இல் அன்வால் போரில் அதன் படையை நிர்மூலமாக்கினர். அதற்குப் பழி தீர்க்க ஸ்பெயின் அவர்களுடைய கிராமங்களின் மீது நச்சு வாயுக் குண்டுகளை வீசியது. அந்தப் போரில் வளர்ந்த அதிகாரிதான் பிராங்கோ. அப்படியிருக்க, அந்த மக்கள் அவருடைய கொடியின்கீழ் ஏன் சென்றார்கள்?

இதற்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர் ஸ்பானிய வரலாற்றாசிரியை மரியா ரோஸா தெ மதரியாகா. 2002-இல் வெளிவந்த அவருடைய நூல் கூறும் முதற் காரணம் பசி. விளைச்சல் பொய்த்த நாட்டில், முன்பணமும் மாதச் சம்பளமும் குடும்பத்துக்கு எண்ணெயும் சர்க்கரையும் ரொட்டியும் கிடைக்கும் என்றபோது இளைஞர்கள் வரிசையில் நின்றனர். சிறுவர்களும் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தனர். இறைமறுப்பாளர்களை எதிர்க்கும் போர் இது என்று அவர்களிடம் கூறப்பட்டது. 1937-இல் ஹஜ்ஜுப் பயணிகளுக்காகக் கப்பல் ஏற்பாடு செய்து பிராங்கோ அவர்களுடைய மனத்தைக் கவர்ந்தார். அதே பிராங்கோ ஐரோப்பாவிடம் தம் போரைச் சிலுவைப்போர் என்றார். முஸ்லிம்களைக் கூலிக்கு அமர்த்தி நடத்திய சிலுவைப்போர்! வரலாற்றின் விந்தைகளுள் இது ஒன்று.

இங்கே நாம் ஒரு கசப்பான உண்மையையும் விழுங்கத்தான் வேண்டும். அந்தச் சிப்பாய்கள் கைப்பற்றிய ஊர்களில் கொள்ளையும் கொலையும் பெண்களுக்கு எதிரான கொடுமையும் நடந்தன. 1936 ஆகஸ்ட் 14 அன்று படஹோஸ் நகர் வீழ்ந்தபின் அங்கே பெருங்கொலை நிகழ்ந்தது. அந்நகருக்குள் சென்ற போர்த்துகீசிய நிருபர் மாரியோ நெவெஸ் எழுதிய செய்திகளுள் ஒன்றைத் தணிக்கையாளர்கள் அச்சிட விடவில்லை. இனி அவ்வூரை மிதிப்பதில்லை என்று சபதம் செய்த அவர், 1982-இல்தான் சாட்சி சொல்வதற்காகத் திரும்பிச் சென்றார். செவில்லிலிருந்து வானொலியில் பேசிய தளபதி கெய்போ தெ யானோ, மூர்களை ஏவிவிடுவோம் என்று பெண்களை வெளிப்படையாகவே மிரட்டினார். கட்டளை ஸ்பானியத் தளபதிகளுடையது. கைகள் மொராக்கோக்காரர்களுடையவையாகவும் இருந்தன. நம்மவர்கள் என்பதற்காக இதை மறைத்தால், நாமும் தேவாலயச் சுவரில் ஒரு தரப்பின் பெயரை மட்டும் பொறித்தவர்களைப் போலாகிவிடுவோம்.

குடியரசுத் தரப்பும் இவ்விஷயத்தில் குற்றமற்றதன்று. அவர்களுடைய சுவரொட்டிகளில் மூர் என்பவன் மனிதனாகவே தீட்டப்படவில்லை. 1936 செப்டம்பரில் மொராக்கோ தேசியவாதிகள் பார்ஸலோனாவுக்கு வந்து, தங்கள் நாட்டுக்கு விடுதலை வாக்களித்தால் பிராங்கோவின் பின்புலத்தில் கிளர்ச்சி செய்யத் தயார் என்றனர். பிரான்ஸின் மனக்கசப்புக்கு அஞ்சிய அரசாங்கம் அதை ஏற்கவில்லை. சுதந்திரம் பேசியவர்கள் அடிமைப்பட்டவனுக்குச் சுதந்திரம் தர மறுத்தனர். அதன் விலையைப் போர்க்களத்தில் செலுத்தினர்.

ஜெருஸலத்தில் பிறந்த பலஸ்தீன எழுத்தாளர் நஜாத்தீ ஸித்கீயையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1936-இல் ஸ்பெயின் சென்ற அவர், பிராங்கோவின் மொராக்கோச் சிப்பாய்களை நோக்கி அரபு மொழியில் எழுதினார், வானொலியில் பேசினார், போர்முனையில் ஒலிபெருக்கி வழியாகவும் அழைத்தார். உங்கள் பகைவன் எதிர்ப் பதுங்குகுழியில் இல்லை என்பதே அவருடைய செய்தி. மொராக்கோவின் விடுதலையைக் குடியரசு வாயாலும் உரைக்காத நிலையில் அவருடைய அழைப்பு எடுபடவில்லை. அவருடைய நினைவுக் குறிப்புகள் 2001-இல்தான் பெய்ரூத்தில் நூலாயின. அரபு மொழியின் இந்தச் சாட்சியம் வெளியாக அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

பெயரில்லாக் கபுருகள்

ஸ்பெயினின் வடகரையில், லுவார்கா நகருக்கு அருகே பார்ஸியா என்னும் சிற்றூரில் அந்தச் சிப்பாய்களுக்கென அமைக்கப்பட்ட ஒரு மையவாடி உண்டு. பல்லாண்டுகள் புதர் மண்டிக் கிடந்த இடம் அது. வென்ற தளபதி அவர்களை வெற்றிக்குப் பயன்படுத்தினார். பெயர்களைக் கல்லில் பொறிக்கவில்லை. தோற்றவர்களுக்கோ அவர்கள் கொடியவர்கள். 1956-இல் விடுதலை பெற்ற மொராக்கோவுக்கு, ஆதிக்கக்காரனுக்காகப் போரிட்டவர்களைப் பெருமையுடன் பேச வழியில்லை. உயிரோடு திரும்பியவர்களுக்குக் கிடைத்தது சொற்ப ஓய்வூதியம். திரும்பாதவர்களின் தாய்மார்களுக்கு, மகன் எந்த மண்ணில் அடங்கினான் என்ற செய்தியும் பலருக்குக் கிடைக்கவில்லை. பிரியரான்ஸாவின் சாலையோரத்தில் ஸ்பானியப் பேரன் கேட்ட அதே கேள்விதான் ரீஃப் மலைக் குடிசையிலும் கேட்கப்பட்டது. ஒன்றுக்கு விடை கிடைத்தது; மற்றொன்று காற்றோடு போயிற்று.

உள்நாட்டுப் போரின் வரலாற்றை எழுதுவோர்க்கு ஸ்பெயின் உணர்த்தும் பாடம் இதுவே. இரு தரப்பையும் சமமாக வைத்துத் தராசை நடுவில் பிடிப்பது மட்டும் நடுநிலையாகாது. ஒரு தரப்பு அதிகம் கொன்றதென்றால், அதிகம் கொன்றதென்றே எழுத வேண்டும். அதே வேளையில் மறு தரப்பு கொன்ற ஒரே ஒரு மனிதனையும் கணக்கிலிருந்து விட்டுவிடலாகாது. தராசின் இரு தட்டிலும் வைக்கப்படாதவர்களையும் தேட வேண்டும். கொன்றவனாகவும் கொல்லப்பட்டவனாகவும் ஒருவனே இருக்கக்கூடும் என்பதை அந்த மொராக்கோச் சிப்பாய் நமக்குக் கற்பிக்கிறான். அவனைத் தியாகியாக்கினால் படஹோஸின் விதவைகளுக்கு அநீதி. அவனை வெறும் கொடியவனாக்கினால் நச்சு வாயுவில் மூச்சடைத்த அவன் கிராமத்துக்கு அநீதி.

அந்தலூஸின் அரண்மனைகளைப் பற்றிப் பெருமையுடன் எழுதுவது எளிது. பார்ஸியாவின் புதருக்கடியில் கிடக்கும் கபுருகளைப் பற்றி உண்மையாக எழுதுவது அத்தனை எளிதன்று. ஆயினும் அவையும் நம் வரலாற்றின் ஏடுகளே. படிக்கப் பிடிக்காத ஏடு என்பதற்காக அதைக் கிழித்தெறியும் உரிமை எவருக்கும் இல்லை.