பழவேற்காட்டுக் கட்டம்

காப்பார் முதலிய ஊர்களில் மலாய்க்காரர் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். பெலிக்காட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடே. 1610இல் அங்கே காலூன்றிய டச்சுக்காரர், சோழமண்டலத் துணிகளைக் கீழைத் தீவுகளுக்குக் கப்பலேற்றினர். அவர்களுக்கு முன்னரே தமிழ் வணிகர் மலாக்காவில் துணி விற்றனர்.

தைக்காமல் விற்கப்படும் கைலியின் இரு முனைகளையும் வீட்டிலேயே இணைத்துத் தைப்பதுண்டு. கட்டத்தோடு கட்டம் பொருந்தினால்தான் தையல் மறையும். ஸ்காட்லாந்து மக்களின் கட்டம் போட்ட உடையான கில்ட்டின் மடிப்புகளைத் தைப்போரும் இப்பொருத்தத்தையே கருத்தாய்க் கற்கின்றனர். அவ்வுடையை ஆடவர் அணிவதை 1746ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 1782இல் தடை நீங்கவே, அது நாட்டுப் பெருமையாய் நிலைத்தது. பழவேற்காட்டுத் துணியின் பிறப்பிடத்தையோ தமிழர் பலர் மறந்தனர். மலாய்மொழி காத்துவரும் அவ்வூர்ப்பெயரைத் தமிழ் மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.