பால்மரத்தைக் காக்கும் அறிவு

பினாங்குத் தண்ணீர்மலை முருகன் திருக்கோயிலைத் தமிழர் யாவரும் அறிவர். அதற்கு அணித்தே உள்ள அருவிப் பள்ளத்தாக்கில், 1884-இல் தாவரத் தோட்டம் ஒன்று நிறுவப்பெற்றது. சார்லஸ் கர்ட்டிஸ் என்னும் தாவரவியலறிஞர் அதன் முதற் பொறுப்பாளர். புதுப் பயிர்களை வளர்த்துச் சோதிப்பது இத்தகைய தோட்டங்களின் பணி. பயிரோடு வரும் பகையைத் தடுப்பதோ அதனினும் அரிய பணி.

பகை வந்தால் விளைவது என்ன என்பதைப் பினாங்கு முன்னரே கண்டது. மொலுக்கஸ் தீவுகளிலிருந்து வந்த சாதிக்காய் இங்குச் செழித்தோங்கியது. 1860-ஆம் ஆண்டையொட்டி நோய் பரவவே, தோட்டங்கள் பாழாயின.

பின்னர் வந்தது பால்மரம். 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்தின் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களும், அவற்றை நம்பிக் கடல் கடந்த தமிழரின் வாழ்வும் அச்சிறு தொடக்கத்திலிருந்து வளர்ந்தவையே. அக்கன்றுகளோடு அமேசான் காட்டின் இலைக்கருகல் பூஞ்சை வந்திலது. அதுவே ஆசியாவின் நற்பேறு.

அப்பூஞ்சை இளந்தளிரைத் தாக்கும், இலை உதிரும், மீண்டும் தளிர்த்தால் மீண்டும் தாக்கும், முடிவில் மரம் மடியும். மோட்டார் வாகனச் செல்வர் ஹென்றி ஃபோர்டு, 1920-களின் இறுதியில் பிரேசிலில் பெருந்தோட்டம் தொடங்கினார். நோயியலறிஞர் ஜேம்ஸ் வெயர் ஆசியாவிலிருந்து உயர்ந்த இனங்களைக் கொண்டு சென்றும் நோய் அடங்கவில்லை. 1945-இல் ஃபோர்டு நிறுவனம் தோட்டங்களைக் கைவிட்டது.

இயற்கை செய்த இவ்வழிவை மனிதனே வேண்டுமென்று செய்தால் என்னாகும்? பயிரைப் போர்க்கருவியாக்குதல் மலாயாவுக்குப் புதிதன்று. 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தில் கிளர்ச்சிக்காரர் பால்மரங்களை வெட்டிச் சிதைத்தனர். பிரிட்டிஷ் படையினர் காட்டுக்குள் இருந்த பயிர்களின் மீது இரசாயனம் தெளித்தனர். இரு தரப்பு அழிவிலும் முதலில் வாடியது உழைப்பாளியின் அடுப்பு. ஆயினும் வெட்டுண்ட மரத்திற்கு ஈடாக மற்றொன்று நடலாம். காற்றில் பரவும் பூஞ்சையோ புதுக் கன்றையும் விடாது. பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் 1989-இல் கொக்கோ மரங்களைத் தாக்கிய நோய், அரசியற் பகையால் கொணரப்பட்டது என்னும் குற்றச்சாட்டு 2006-இல் எழுந்தது. அஃது ஐயமற நிறுவப்படவில்லை எனினும், அச்சத்திற்கு இடமளித்தது.

இப்பகையைத் துப்பாக்கியால் தடுத்தல் இயலாது. அறிவும் சட்டமுமே காவல். 1956-இல் நடைமுறைக்கு வந்த ஆசிய பசிபிக் தாவரப் பாதுகாப்பு ஒப்பந்தம், அமெரிக்க வெப்ப மண்டலத்துப் பால்மரக் கன்றும் விதையும் தடையின்றி நுழைவதை விலக்கியது. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் கே. எச். சீ, நோயுள்ள திரினிடாட் தீவுக்கே சென்று, பூஞ்சை வித்துக்கள் பரவும் வகையை ஆராய்ந்தார். பகையின் இருப்பிடத்திலேயே அதனைக் கற்றறிந்து, தாயகத்திற்கு அரண் செய்த செயல் அது. 1972-இல் கையெழுத்திடப்பட்ட உயிரியல் ஆயுத உடன்படிக்கை, நோய்க்கிருமியை ஆயுதமாக்குவதையே விலக்கியது.

இன்று மலேசியாவில் எண்ணெய்ப்பனை மேலோங்கி நிற்கிறது. எனினும் உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை ஆசியாவே தருகின்றது. அயல்நாட்டிலிருந்து மறைத்துக் கொணரும் ஒரு கன்று எத்தனை குடும்பங்களின் சோற்றில் மண்ணைப் போடும் என்பதை மாணாக்கர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடனாம்.