சூட்டு வலி

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வயிறு இறுகி, சிறிது நேரத்தில் தானாகத் தளர்வதைத் தமிழ்நாட்டு வீடுகள் சூட்டு வலி என்றே அறிந்திருக்கின்றன. ஊர் மருத்துவச்சிகள் சீரகக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பார்கள். வலி அடங்கினால் அது சூடு. விடாமல் கூடினால் பிரசவ வலி. கஷாயத்துக்கு அதை அடக்கும் ஆற்றல் உண்டோ இல்லையோ, பொறுத்திருந்து வலியின் போக்கைக் கவனித்த அந்த முறையில் நல்ல அறிவு இருந்தது. இன்றைய மருத்துவமும் ஒழுங்கான இடைவெளியில் வலி வலுப்பதையும் கருப்பைவாய் விரிவதையும்தான் பார்க்கிறது.

மருத்துவ நூல்களில் இந்தச் சூட்டு வலிக்கு நிலைத்த பெயர் லண்டன் கைஸ் மருத்துவமனை மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸுடையது (1823–1897). கருப்பை பிரசவத்தின்போது மட்டுமல்ல, கர்ப்பகாலம் முழுவதும் சுருங்கி விரிகிறது என்று அவர் 1872இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். சிறுநீர்ப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லாத காலம் அது. வயிற்றில் கைவைத்து உணரும் அந்த இறுக்கத்தைக் கர்ப்பத்தை உறுதிசெய்யும் அடையாளமாக அவர் கருதினார். பெண்கள் தலைமுறைகளாக உணர்ந்து சொன்னதற்கு ஓர் ஆணின் பெயர் அமைந்தது வருத்தமே.

சுருக்கங்களை எண்ணால் அளந்தது இருபதாம் நூற்றாண்டு. உருகுவேயில் ஆய்வாளர்கள் கால்தெய்ரோ-பார்சியாவும் ஆல்வாரெஸும் கருப்பைக்குள் அழுத்தத்தைப் பதிவுசெய்தனர். அந்த அளவுக்கு மாண்டிவிடியோ அலகு என்று பெயர். 37 வாரம் முடியுமுன் வலி ஒழுங்காகத் தொடர்ந்தால், அதைக் குறைப்பிரசவ அறிகுறியாகக் கொண்டு மருத்துவமனைகள் உடனே பரிசோதிக்கின்றன.