தேடுபொறிப் போட்டியும் போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவும்

இணையத் தேடலில் ஒரே நிறுவனம் கோலோச்சும்போது, புதிதாக வரும் தேடுபொறி அதை எதிர்த்து நிலைக்க முடியுமா என்பது இந்த நூற்றாண்டுக் கணினித் தொழிலின் பெரிய கேள்விகளில் ஒன்று. அமெரிக்காவில் 2020-ஆம் ஆண்டு நிலவரப்படி பொதுத் தேடல்களில் 89.2 விழுக்காடும், கைபேசித் தேடல்களில் 94.9 விழுக்காடும் கூகுள் வழியாகவே நடந்தன என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் பதிவு செய்திருக்கிறது. இந்தியாவிலும் கூகுளின் இடம் இதற்குக் குறைந்ததல்ல. அந்நிறுவனத்தின் உள்கட்டு முழுவதையும் அறிந்த ஒரு தமிழர் வெளியே வந்து அதற்கு எதிராகவே தேடுபொறி கட்டிப் பார்த்தார். அவருடைய அனுபவமும், தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் போடிநாயக்கனூர் போன்ற ஓர் ஊரின் தேவைகளும் சேர்ந்துதான் இக்கேள்விக்கு முழு விடை தருகின்றன.

நீவா

ஸ்ரீதர் ராமசாமி திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் படித்து, அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, 2003-இல் கூகுளில் சேர்ந்தார். விளம்பரப் பிரிவின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்து 2018-இல் வெளியேறினார். கூகுளின் வருமானத்தில் பெரும்பங்கை ஈட்டுவது அந்தப் பிரிவுதான். 2019-இல், யூடியூபின் வருவாய்ப் பணிகளைக் கவனித்துவந்த விவேக் ரகுநாதனுடன் சேர்ந்து நீவா என்ற தேடுபொறி நிறுவனத்தைத் தொடங்கினார். கூகுளின் தலைமையகம் இருக்கும் மவுண்டன் வியூ நகரிலேயே நீவாவும் அமைந்தது. முதலீட்டாளர்கள் தந்த தொகை ஏறத்தாழ 7.75 கோடி டாலர்.

2021 ஜூனில் நீவா அமெரிக்காவில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதில் விளம்பரம் கிடையாது. தேடுகிறவரைப் பின்தொடர்ந்து தகவல் சேகரித்து விற்பதும் கிடையாது. அதற்கு ஈடாக மாதம் 4.95 டாலர் சந்தா. பின்னர் ஓர் இலவச வடிவமும் வந்தது. தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் பிங் தரும் முடிவுகளை வாங்கிப் பயன்படுத்திய நீவா, படிப்படியாகத் தன் சொந்த அட்டவணையைக் கட்டியது. தேடுபொறியின் அட்டவணை என்பது, இணையப் பக்கங்களைப் படித்து எந்தச் சொல் எங்கே வருகிறது என்று குறித்து வைத்திருக்கும் மாபெரும் தொகுப்பு. அதைச் சொந்தமாகக் கட்டும் நிறுவனங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2022 அக்டோபரில் நீவா பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனிக்கும் சென்றது. சாட்ஜிபிடி வந்த சில வாரங்களில், 2023 ஜனவரியில், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று காட்டியபடியே கோவையாகப் பதில் சொல்லும் வசதியை வெளியிட்டது. கூகுள் அதுபோன்ற ஒன்றை மக்களுக்குத் தருவதற்கு முன்பே ஒரு சிறு நிறுவனம் இதைச் செய்துகாட்டியது என்பது பொறியியல் வரலாற்றில் மறக்கக் கூடாத செய்தி.

ஆயினும் 2023 மே 20 அன்று மூடுவதாக அறிவிப்பு வந்தது. ஜூன் 2-ஆம் தேதியோடு நீவா நின்றது. ஸ்னோஃப்ளேக் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. 2024 பிப்ரவரியில் ராமசாமி அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியானார். மூடும்போது நிறுவனர்கள் சொன்ன காரணம் கவனத்துக்குரியது: தேடுபொறியைக் கட்டுவது ஒரு வேலை, சாதாரண மக்களை அதற்கு மாறச் செய்வது முற்றிலும் வேறு வேலை. காசு கொடுத்துத் தேடச் சொல்வதைவிட, புதிய தேடுபொறியைப் போனில் முதன்மையாக வைத்துக்கொள்ளச் சொல்வதுதான் அவர்களுக்குக் கடினமாக இருந்தது.

மாற விடாதது எது

2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை கூகுள்மீது தொடுத்த வழக்கில் 2023 இலையுதிர்காலத்தில் ராமசாமி சாட்சி சொன்னார். 2024 ஆகஸ்ட் 5 அன்று நீதிபதி அமித் மேத்தா அளித்த தீர்ப்பு, கூகுள் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று முடிவு கூறியது. அந்தத் தீர்ப்பில் இரண்டு விஷயங்கள் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை.

முதலாவது, இடம் பிடிக்கும் பணம். போனை வாங்கித் திறக்கும்போதே தேடல் பெட்டியில் எந்த நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது என்பதே பெரும்பாலோரின் தேர்வைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்துக்காக போன் தயாரிப்பாளர்களுக்கும் உலாவி நிறுவனங்களுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும் கூகுள் 2021-இல் மட்டும் கொடுத்தது 2,630 கோடி டாலர். 2022-இல் ஆப்பிள் ஒன்றுக்கே கொடுத்தது 2,000 கோடி டாலர். நீவாவின் மொத்த முதலீட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, தேடுகிறவர்கள் விட்டுச்செல்லும் தடயம். எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், எதைத் திறந்த மறுகணமே மூடினார்கள் என்ற பதிவுதான் தேடுபொறியைத் திருத்துகிறது. தன் போட்டியாளர்கள் அனைவரும் சேர்ந்து ஒரு நாளில் பெறும் தேடல்களைப்போல் 9 மடங்கை கூகுள் பெறுகிறது. கைபேசியில் 19 மடங்கு. 37 லட்சம் தனித்தனித் தேடல் தொடர்களை ஆராய்ந்ததில் 93 விழுக்காடு கூகுளுக்கு மட்டுமே வந்தவை, பிங்குக்கு மட்டும் வந்தவை 4.8 விழுக்காடே என்றும் தீர்ப்பு குறிப்பிடுகிறது. ஏலக்காய் வணிக ஊரான போடிநாயக்கனூரில், அதாவது போடியில், வாங்குவோர் குவிவது காய் அங்கே வருவதால். காய் அங்கே வருவது வாங்குவோர் குவிவதால். தேடலிலும் அப்படியே: ஆள் வந்தால்தான் தரம் கூடும், தரம் கூடினால்தான் ஆள் வரும்.

அரிய கேள்விகளில்தான் இது மிகக் கடுமையாக உறைக்கிறது. நடிகர் பெயரைத் தேடினால் எந்தத் தேடுபொறியும் விடை தரும். ஏலச் செடியின் கட்டே நோயைப் பற்றித் தமிழில் ஒருவர் கேட்கும் கேள்வி, சிறிய தேடுபொறிக்கு ஒருமுறைகூட வராமலே போகலாம். வராத கேள்வியிலிருந்து அது எதையும் கற்க முடியாது.

முன்பு முயன்றவர்கள்

1995-இல் வந்த அல்டாவிஸ்டாவை 1998-இல் தொடங்கிய கூகுள் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டியது. புதியவர் வெல்ல முடியும் என்பதற்குக் காட்டப்படும் சான்று இது. ஆனால் அன்று போனுக்குள் இடம் பிடிக்கும் ஒப்பந்தங்கள் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்து மாறுவது எளிதாக இருந்தது. முன்னாள் கூகுள் பொறியாளர்கள் 2008 ஜூலையில் தொடங்கிய குவில் 2010-இல் மறைந்தது. ஜெர்மனியின் கிளிக்ஸ் 2020-இல் மூடப்பட்டது. அந்தக் குழு தொடர்ந்து செய்த வேலையின் மீதே இன்றைய பிரேவ் தேடுபொறி எழுந்தது. 2008-இல் பிறந்த டக்டக்கோ தனியுரிமையை முன்வைத்துச் சிறிய, ஆனால் உறுதியான இடத்தைப் பிடித்திருக்கிறது. இந்தியாவில் 2006-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட குருஜி, இந்திய மொழிகளையும் உள்ளூர்த் தகவலையும் நம்பி இறங்கி, ஐந்தாறு ஆண்டுகளில் ஓய்ந்தது.

சொந்த அட்டவணை இல்லாதவர்களுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. பிங்கின் முடிவுகளை வாங்கி நடத்தியவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2023-இல் விலையைப் பல மடங்கு உயர்த்தியது. 2025 ஆகஸ்டில் அந்தச் சேவையையே நிறுத்தியது.

மொழியின் பலம்

கூகுளால் எளிதில் வெல்ல முடியாமற்போன இடங்கள் உண்டு. ரஷ்யாவில் யாண்டெக்ஸ், தென்கொரியாவில் நேவர் இரண்டும் தத்தம் மொழியில் கால் ஊன்றியவை. சீனாவின் பைடு வேறு கதை. அரசின் தடையும் அதற்குத் துணைநின்றது. நேவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். கொரிய மொழியில் போதிய பக்கங்கள் இல்லாத காலத்தில், 2002-இல் மக்களே கேள்வி கேட்டு மக்களே விடை எழுதும் பகுதியை அது தொடங்கியது. தேட வேண்டிய உரையையே முதலில் உருவாக்கிக்கொண்ட பிறகு தேடலில் வென்றது.

தமிழிலும் முயற்சிகள் நடந்தன. இந்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் ஐ.ஐ.டி.களும் பிற ஆய்வு நிறுவனங்களும் கூட்டாக உருவாக்கிய சந்தான் தேடுபொறி தமிழ், தெலுங்கு, இந்தி, மராத்தி, வங்காளம் ஆகிய மொழிகளில் சுற்றுலாத் தகவல்களைத் தேட உதவியது. அண்ணா பல்கலைக்கழகத்தில் சொல்லை விட்டுக் கருத்தைத் தேடும் தமிழ்த் தேடுபொறி ஒன்றும் ஆய்வு நிலையில் உருவானது. இவர்கள் எதிர்கொண்ட சிக்கல் மெய்யானது. குரங்கணி, குரங்கணிக்கு, குரங்கணியிலிருந்து, குரங்கணியிலும் என்று வேற்றுமை உருபு ஏற்று விரியும் வடிவங்கள் எல்லாம் ஓர் ஊரையே குறிக்கின்றன என்று பொறிக்குத் தெரிய வேண்டும். அந்த இலக்கண அறிவு இம்முயற்சிகளில் இருந்தது. நாள்தோறும் பக்கங்களைத் திரட்டும் பணமும், வந்து தேடும் கூட்டமும் இல்லை. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழ்க் குரல்வழித் தேடலைக் கொண்டுவந்தபோது, தட்டச்சு தெரியாதவர்களும் அதன் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏலமலைச் சரிவில் தேடல்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, மூணாறு என்று ஏறும் பாதை தமிழ்நாட்டையும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தையும் இணைக்கிறது. தோட்டம் மேலே கேரளத்தில், வீடும் வியாபாரமும் கீழே போடியில் என்று வாழ்பவர்கள் பலர். வேலையாட்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறுகிறார்கள். நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் மாறிமாறி நடக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு விளைச்சல் சரிந்து, 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதை இப்பகுதியில் யாரும் மறக்கவில்லை. அப்படி விலை ஏறி இறங்கும் பொருளை நம்பி வாழ்கிறவர்களுக்குச் சரியான தகவல் வயிற்றுப்பாட்டுச் செய்தி.

அவர்கள் எதைத் தேடுகிறார்கள்? இன்றைய சராசரி விலை, 8 மி.மீ. காய்க்கு என்ன கிடைக்கும், இலைப்பேனுக்கு எதை எவ்வளவு அடிக்கலாம், அழுகல் நோய்க்கு என்ன மருந்து, மலைப்பாதையில் மண் சரிவா, 2023 ஜூனில் மீண்டும் வந்த போடி ரயில் இன்று எத்தனை மணிக்கு. ரயில் நேரமும் சாலைச் செய்தியும் கூகுளில் வந்துவிடும். ஏல விலைப் பட்டியலை வாரியம் தன் தளத்தில் ஆங்கிலத்தில் வெளியிடுகிறது. ஆனால் ஏலம் முடிந்த கையோடு அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி முடிந்துவிடுகிறது. பூச்சி, நோய் பற்றிய நம்பத்தக்க ஆய்வறிவு மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும், பாம்பாடும்பாறையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்திலும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் மலையாளத்திலும்தான். தோட்டக்காரரின் முப்பது ஆண்டு அனுபவமோ யூடியூப் காணொளியிலும் குரல்பதிவிலும் கரைகிறது. வாட்ஸ்அப்புக்குள் எந்தத் தேடுபொறியும் நுழைய முடியாது.

ஆகவே போடியில் கூகுளின் பலவீனம் அதன் கணக்கீட்டில் இல்லை. அது தேடித் தருவதற்குத் தமிழில் திறந்த உரை இல்லை. கூகுளை எதிர்த்து உலகம் முழுமைக்கும் ஒரு பொறி கட்டுவது நீவாவுக்கே முடியாமற்போனது. ஏலமலைக்கும் அதுபோன்ற பகுதிகளுக்கும் வேண்டிய உரையை எழுதுவித்துத் திரட்டி வைத்திருப்பவர், சிறிய பரப்பில் கூகுளைவிட நல்ல விடை தர முடியும் என்பதற்கு நேவர் முன்னுதாரணம்.

திறக்கும் கதவுகள்

ஆண்ட்ராய்டு விவகாரத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதையடுத்து 2023 ஜனவரியில், புதிய ஆண்ட்ராய்டு போனை அமைக்கும்போதே தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் திரை இந்தியாவில் காட்டப்படும் என்று கூகுள் அறிவித்தது. பெயரே கேள்விப்படாத தேடுபொறியை அந்தத் திரையில் யாரும் தொடமாட்டார்கள் என்பதால் இதன் பயன் குறைவே. 2025 செப்டம்பர் 2 அன்று நீதிபதி மேத்தா வழங்கிய தீர்வு இன்னும் ஆழமானது. குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை என்றாலும், கூகுளுக்கு மட்டுமே இடம் தரக் கோரும் ஒப்பந்தங்களுக்குத் தடை விதித்து, அட்டவணையிலும் பயனர் தடயத்திலும் ஒரு பகுதியைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு பகிர வேண்டும் என்றது.

செயற்கை நுண்ணறிவு மற்றொரு கதவு. சென்னையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் ஸ்ரீநிவாஸ், 2022-இல் மூவருடன் சேர்ந்து பெர்ப்ளெக்சிட்டி என்ற தேடுபொறி நிறுவனத்தை நிறுவினார். நீவா திணறிய இடத்தை இவர் வேறு வழியில் தாண்டப் பார்த்தார்: 2025 ஜூலையில் ஏர்டெல் தன் 36 கோடி வாடிக்கையாளர்களுக்கும் பெர்ப்ளெக்சிட்டியின் கட்டணச் சேவையை ஓராண்டு இலவசமாக அளித்தது. மக்கள் தேடி வரக் காத்திராமல் போன் நிறுவனத்தின் வழியே அவர்கள் கைக்கே போய்ச்சேரும் உத்தி இது. கூகுள் பல ஆண்டுகளாகக் கையாண்டதும் இதுவே.

இந்தப் புதிய பொறிகள் பல பக்கங்களைப் படித்துத் தொகுத்துச் சொல்கின்றன. ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் உள்ள ஆய்வுக் குறிப்பைத் தமிழில் எடுத்துரைக்க முடிவது போடிக்குப் பெரிய வரவு. மருந்தின் அளவைத் தவறாகச் சொன்னால் ஒரு பருவத்துக் காய் கெடும் என்பதால், எந்த நிலையத்தின் எந்த ஆண்டுப் பரிந்துரை என்று காட்டாத விடையை இங்கே ஏற்க முடியாது. மயிலாடும்பாறை, பாம்பாடும்பாறை நிலையங்களின் பரிந்துரைகள் தேதியிட்டுத் தமிழில் திறந்த இணையத்தில் வைக்கப்பட்டு, வாரியத்தின் அன்றாட ஏலப் பட்டியலும் தமிழில் வெளிவருமானால், கூகுளோ பெர்ப்ளெக்சிட்டியோ இனி வரப்போகும் ஒரு சிறு நிறுவனமோ, எல்லாம் அந்த ஒரே உரையை வைத்துத் தரத்தில் போட்டியிட வேண்டியிருக்கும்.