பட்ஜெட் ஸ்பீக்கர்: விலையை மட்டும் ஒப்பிட்டால் போதுமா?
ஆன்லைனில் புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர் தேடுகிறீர்களா? முதலில், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். எடிஃபையர் ஆர்1280டி-யில் உண்டு. லேப்டாப்பை வயரில் இணைத்தாலே பாட்டு வரும். (புளூடூத் வேணும்னா 1280டிபி மாடல்.) சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 அப்படியில்லை. ஆம்ப்ளிஃபையரும் வயரும் தனியாக வாங்கணும். அந்தச் செலவையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஆனால், பிறகு ஆம்ப்ளிஃபையரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வாடகை வீட்டில், முதல் செட் என்றால் எடிஃபையர் வகையே போதும்.

அடுத்து சென்சிட்டிவிட்டி. சோனியில் 87 டெசிபல். 84 டெசிபல் ஸ்பீக்கர் அதே சத்தம் தர இரு மடங்கு வாட்ஸ் தேவை. கொட்டை எழுத்து பிஎம்பிஓ எண்ணை நம்பாதீங்க, ஆர்எம்எஸ்தான் கணக்கு. பின்பக்கம் ஓட்டை உள்ள ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பேஸ் குமுறும். ஒரு சாணாவது தள்ளி வையுங்கள்.