பேரரசுத் தேளும் செந்தேளும்: கணினி விளையாட்டில் ஓர் அச்சத்தின் வரலாறு

1997இல் வெளிவந்த ‘ஃபால்அவுட்’ கணினி விளையாட்டின் தொடக்கத்திலேயே ஷேடி சாண்ட்ஸ் என்னும் சிற்றூர் வருகிறது. ஊருக்கு அருகே ஒரு குகை. அதற்குள் கதிரியக்கத்தால் பெருத்துப்போன தேள்கள். கொட்டுப்பட்ட ஒருவர் ஊருக்குள் நினைவிழந்து கிடக்கிறார். தேளின் வாலை அறுத்துக் கொண்டுவந்தால் ராஸ்லோ என்னும் மருத்துவர் அதிலிருந்து முறிமருந்து செய்து தருவார். நஞ்சிலிருந்தே நஞ்சுமுறி பெறுவது அறிவியலுக்குப் புறம்பானதன்று. குதிரைக்கு நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் குருதியிலிருந்து முறிமருந்தைப் பிரிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்துவிட்டது. பிழை இருப்பது வேறிடத்தில்: தேளின் தேர்வில்.

இத்தொடரின் புனைவு விளக்கப்படி இவ்வுயிரி பேரரசுத் தேளின் வழிவந்தது. உண்மைப் பேரரசுத் தேள் மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஏறத்தாழ 20 செ.மீ. நீளம், பளபளக்கும் கருமை, நண்டை ஒத்த பருத்த இடுக்கிகள் என அதன் தோற்றம் அச்சமூட்டும். அதன் கொட்டோ தேனீக் கொட்டுக்கு நிகரானது. வளர்ந்த பேரரசுத் தேள் இரையை இடுக்கியால் நசுக்கியே கொல்கிறது. கொடுக்கை அரிதாகவே பயன்படுத்தும். மனிதரைக் கொல்லவல்ல தேள்கள் பெரும்பாலும் பூத்திடே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் இடுக்கிகள் மெலிந்தவை, வால் தடித்தது. விளையாட்டு ஒன்றன் உடலுக்கு மற்றொன்றன் நஞ்சை ஊட்டிவிட்டது.

இது வடிவமைப்பாளரின் அறியாமை மட்டுமன்று. அவருக்கு முன்னால் இருந்தது உயிருள்ள தேளைவிடத் தேளின் படிமமே என்பது என் கணிப்பு. ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ மேசைவிளையாட்டின் 1977ஆம் ஆண்டு அரக்கர் கையேட்டில் மாபெருந் தேளுக்கு மூன்று தாக்குதல்கள்: இரு இடுக்கிகள், ஒரு கொடுக்கு. அதற்கும் முன்பு, 1957இல் வந்த ‘தி பிளாக் ஸ்கார்பியன்’ திரைப்படத்தில் மெக்சிகோவின் எரிமலைப் பிளவிலிருந்து மாபெருந் தேள்கள் வெளிவருகின்றன. ‘கிங் காங்’ புகழ் வில்லிஸ் ஓ’பிரையன் அவற்றைப் பொம்மைகளாக அசைத்தார். எச்சில் ஒழுகும் தேள்முகம் ஒன்று அப்படத்தில் மீண்டும் மீண்டும் காட்டப்படும். நகைப்புக்குரியதாகச் சொல்லப்படும் காட்சி அது. ஆயினும் தேள் தன் இரையின் மீது செரிமான நீரை உமிழ்ந்து, குழம்பாக்கி, உறிஞ்சியே உண்கிறது. படத்தில் உயிரியலுக்கு மிக நெருங்கிய இடம் அதுவாகத்தான் இருக்கும். ஓ’பிரையனிடம் தொழில் பயின்ற ரே ஹாரிஹவுசன் 1981இல் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ படத்தில் மெடூசாவின் குருதியிலிருந்து தேள்களை எழுப்பினார். இன்னும் பின்னோக்கிச் சென்றால், கில்காமேஷ் காப்பியத்தில் கதிரவன் எழும் மாஷு மலையின் வாயிலைக் காக்கும் தேள்மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களுடைய பார்வையே சாவைத் தரும். எங்கும் தேள் பெரிதாகிறது, பெரிதானால்தான் கொடியது.

இந்தியாவில் இந்தச் சமன்பாட்டுக்கு விலையுண்டு. இங்கு மிகுதியாக உயிர்பறிப்பது ஒரு விரல் நீளமே உள்ள செந்தேள். 1798இல் ஃபாப்ரிசியஸ் இதற்கு இட்ட சிற்றினப் பெயர் ‘தமுலஸ்’. (1716இல் சீகன்பால்கு லத்தீனில் வெளியிட்ட தமிழ் இலக்கண நூலின் தலைப்பில் உள்ள ‘தமுலிக்கா’வை மொழியியல் மாணவர்கள் இங்கே நினைவுகூரலாம்.) இதன் நஞ்சு நரம்புகளைத் தூண்டி அட்ரினலின் வகைச் சுரப்புகளை வெள்ளமெனப் பெருக்குகிறது, இதயம் தளர்ந்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. கொங்கண் பகுதியின் மஹாட் வட்டாரத்தில் இவ்வாறு குழந்தைகள் இறப்பதைக் கண்ட மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்குத் தரப்பட்ட பிரசோசின் என்னும் மலிவான மாத்திரையை 1980களில் இதற்குப் பயன்படுத்தினார். இறப்புகள் பெருமளவு குறைந்தன. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இச்சிகிச்சையில் காலமே முதன்மை. சிறிய தேள்தானே என்று வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பகை.

மொழி இவ்விரண்டையும் பிரித்தறிந்தது என்பது கவனத்துக்குரியது. பெருத்த கைகளையுடைய கருந்தேளைத் தமிழில் நட்டுவாக்காலி என்கிறோம். நண்டுவாக்காலி என்ற வழக்கில் அதன் இடுக்கியே பெயராகிவிடுகிறது. ஆனால் பெயர் பிரித்த அளவுக்கு அச்சம் பிரிக்கவில்லை. நட்டுவாக்காலி கொட்டினால் பிழைப்பதரிது என்பாரை ஊர்ப்புறத்தில் இன்றும் காணலாம். ‘ஃபால்அவுட்’ ஆடியிராத மூதாட்டியும் அதை வடிவமைத்தவரும் ஒரே இடத்தில்தான் பிழைபடுகிறார்கள்.

அதே தொடரின் ‘நியூ வேகாஸ்’ (2010) இவ்வகையில் பாராட்டத்தக்கது. மொஹாவி பாலைவனத்தில் நிகழும் அக்கதையில், பெருந்தேள்களோடு அளவிற் சிறிய ‘மரப்பட்டைத் தேள்’ ஒன்றும் சேர்க்கப்பட்டது. அப்பெயர் கொண்ட உண்மைத் தேள், மெலிந்த இடுக்கிகளும் வெளிறிய பழுப்பு நிறமும் உடைய பூத்திடே குடும்பத்தது. வட அமெரிக்கத் தேள்களில் மனிதருக்கு மிகவும் இடர்தருவது.

இன்னும் எந்த வடிவமைப்பாளரும் முழுமையாகத் தொடாத ஒரு கூறு உண்டு. விளையாட்டுத் தேள்கள் பெரும்பாலும் ஆட்டக்காரரைக் கண்ணால் கண்டு துரத்துகின்றன. உண்மைத் தேளின் பார்வையோ மங்கலானது. அதே மொஹாவியின் மணற்தேளை ஆராய்ந்த ஃபிலிப் பிரவுனெல், அது மணலில் பரவும் அதிர்வைக் கால்நுனிகளால் உணர்ந்தே இரையின் திசையை அறிகிறது என்று 1977இல் நிறுவினார். அரை மீட்டர் தொலைவில் மணலுக்குள் புதைந்து ஊரும் கரப்பானையும் அது கண்டுகொள்ளும், அசையாதிருந்தால் தப்பிவிடும்.