‘ஒப்படைக்கப்பட்டது’ என்கிறது குறுஞ்செய்தி, லயத்துக்கு வரவில்லை பொதி

தோட்டத்தில் இருந்துகொண்டு இணையத்தில் பொருள் வாங்குகிறவர்களுக்கு விலையை விடப் பெரிய சிக்கல் முகவரிதான். வீட்டு இலக்கம், வீதியின் பெயர், நகரம் என்று படிவத்தில் கட்டங்கள் இருக்கும். லயத்துக்கு ஏது வீதிப் பெயர்? தோட்டத்தின் பெயர், டிவிஷன், அருகிலுள்ள தபாலகம் என்று எழுதிவிட்டு, மிச்சத்துக்குத் தொலைபேசி இலக்கத்தை நம்பியிருப்பதே நம்மவர்களின் வழக்கம். ஒரே டிவிஷனில் அதே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள் என்பது கொழும்பிலிருந்து பொதியை அனுப்புகிறவருக்குத் தெரியாது.

இது புதிய கதையல்ல. ஆங்கிலேயர் காலந்தொட்டு தோட்டத்துக் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போயின. தப்பால்காரர் பையில் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அதற்கான அழைப்புக் கடிதத்தைக் கையில் வாங்கிய பிள்ளைகளின் கதை ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவ என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்கக் கிடைக்கும். கடிதம் தொலைந்த அதே கடைசி இரண்டு மைல் தூரத்தில்தான் இன்று கூரியர் பொதியும் தொலைகிறது. ஒரு வேறுபாடு, இப்போது அதற்குள் நாம் ஏற்கெனவே கட்டிய பணமும் இருக்கிறது.

மேல் டிவிஷனில் இருக்கும் என் அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை 6,500 ரூபாவுக்கு வாங்கினேன். வங்கி அட்டையால் முன்கூட்டியே பணம் செலுத்தியிருந்தேன். நான்காம் நாள் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. அம்மாவிடம் எதுவும் வரவில்லை. விற்பனையாளரைக் கேட்டால் கூரியரைக் கேளுங்கள் என்றார்கள். கூரியரைக் கேட்டால் எங்கள் கணினியில் முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு வாரம் இப்படியே போனது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 6,500 ரூபா என்பது ஏறக்குறைய ஐந்து நாள் கொழுந்து.

நகர்ந்தது ஒரே ஒரு கேள்வியால்தான்: ‘யார் கையொப்பமிட்டு வாங்கினார்? அந்தப் பதிவை அனுப்புங்கள்.’ இதை எழுத்தில், விற்பனையாளருக்கே கேட்டேன். வந்த பதிவில் இருந்தது அம்மாவின் பெயரல்ல. சந்தியில் உள்ள ஒரு கடையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து யார் எடுத்துப் போனார் என்பது கடைக்காரருக்கும் தெரியவில்லை. பதிவு கையில் வந்து பத்து நாளில் பணம் திரும்பியது.

ஏன் விற்பனையாளரைக் கேட்க வேண்டும்? நாம் பணம் கொடுத்தது அவருக்கு. கூரியரை அமர்த்தியதும் அவர்தான். அந்த இருவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் நாம் ஒரு தரப்பே இல்லை. ‘கூரியரோடு பேசிக்கொள்ளுங்கள்’ என்பது பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சு.

ஆனால் சட்டம் முழுக்க நம் பக்கம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இலங்கையில் பொருள் விற்பனையை இன்னமும் ஆள்வது 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். பொருளை வாங்குபவருக்கு அனுப்பும்படி காவிச் செல்பவரிடம் கொடுத்துவிட்டாலே, அது வாங்குபவருக்குக் கொடுத்ததாக முதல் பார்வையில் கொள்ளப்படும் என்பது அதன் விதி. கப்பலிலும் ரயிலிலும் வியாபாரிக்கு வியாபாரி சரக்கு அனுப்பிய காலத்து யோசனை அது. எனினும் அதே சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. வேறு விதமாக உடன்பட்டிருந்தால் அந்த உடன்பாடே செல்லும். தளத்தில் ‘உங்கள் வீட்டு வாசலுக்கே’ என்று விளம்பரம் செய்திருந்தால் அதை உடன்பாடாகக் காட்டி வாதாட இடமுண்டு. மற்றையது, காவிச் செல்பவரோடு நியாயமான ஒப்பந்தத்தைச் செய்வது விற்பனையாளரின் கடமை. அதில் தவறியதால் பொருள் தொலைந்தால், கூரியரிடம் கொடுத்ததை நமக்குக் கொடுத்ததாக ஏற்க நாம் மறுக்கலாம்.

இந்த விதியின் தாய்வீடான பிரித்தானியா, நுகர்வோர் விடயத்தில் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. அங்கே 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருள் வாங்குபவரின் கைக்கோ அவர் குறிப்பிட்ட ஆளின் கைக்கோ வந்து சேரும்வரை இழப்பு விற்பனையாளருடையது. இந்தியாவின் 2020 மின்வணிக விதிகள், முறைப்பாடு கிடைத்ததை 48 மணித்தியாலத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. நாம் அவர்களிடமிருந்து வாங்கிய 1896ஐ மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நமக்குக் கைகொடுப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். இணையக் கடைகளை மனதில் வைத்து எழுதியதல்ல என்றாலும், ஏமாற்றும் விதமான வியாபார நடத்தையை அது தடை செய்கிறது. விசாரித்த பின் நட்டஈடு, மாற்றுப் பொருள் அல்லது பணத்தைத் திருப்பித் தரும்படி உத்தரவிட அதிகாரசபைக்கு அதிகாரம் உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். ஆனால் அழைப்போடு விட்டுவிடக் கூடாது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், அதுவும் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள். ‘இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்’ என்று விற்பனையாளர் சொல்லிக்கொண்டே போகும்போது ஓடுவது நம்முடைய காலம் என்பது நினைவில் இருக்கட்டும். தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்வது அரசியலமைப்பு தந்த உரிமை. சிங்களத்தில் எழுதித் தரச் சொன்னால் பணிய வேண்டியதில்லை.

மொழி இன்னொரு இடத்திலும் இடிக்கிறது. பொதியோடு வருபவர் சிங்களத்தில் அழைக்கிறார். வீட்டில் இருக்கும் பெரியவருக்குப் புரியவில்லை, அல்லது மலையில் கொழுந்து எடுக்கும் இடத்தில் சிக்னல் இல்லை. ‘வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று பதிவாகிவிடுகிறது. ஆகவே அழைப்பு வந்த நேரத்தைக் காட்டும் திரைப்பிடிப்பை அழிக்காமல் வையுங்கள். மின்னணுப் பதிவு என்பதற்காக மட்டும் ஒன்றைச் செல்லாது என்று தள்ள முடியாது என்கிறது 2006ஆம் ஆண்டின் மின்னணு கொடுக்கல் வாங்கல் சட்டம். ஓடர் செய்த பக்கம், பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாமே சான்றுதான்.

பணம் போன வழியும் முக்கியம். அட்டையால் செலுத்தியிருந்தால், பொருள் கிடைக்கவில்லை என்று வங்கியிடம் முறையிடலாம். வீசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் அதற்கு ஏற்பாடு உண்டு, காலக்கெடுவும் உண்டு. முகநூல் கடைக்காரரின் கணக்குக்கு நேரடியாகப் பணம் போட்டிருந்தால் அந்த வழி கிடையாது. அங்கே மோசடி என்று தெரிந்தால் பொலிஸ்தான். தவணை முறையில் வாங்கியவர்கள் பொதி வராத உடனேயே தவணை நிறுவனத்துக்கும் எழுத வேண்டும். அவர்கள் பாட்டுக்கு அடுத்த தவணையைக் கழித்துக்கொண்டிருப்பார்கள்.

பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறையில், பொதி தொலைந்தால் நமக்கு நட்டமில்லை. தோட்டங்களில் பலரும் இதையே விரும்புவது வெகுளித்தனம் அல்ல, கணக்குப் பார்த்த முடிவு. அங்கே ஆபத்து வேறு. பணத்தைக் கொடுத்த பிறகுதான் திறக்க விடுவார்கள். கொண்டுவந்தவர் நிற்கும்போதே, பொதியின் மேலுள்ள இலக்கம் தெரியும்படி, திறப்பதைக் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்திக் கடைக்காரரோ ஆட்டோக்காரரோ பொதியை வாங்கித் தொலைத்துவிட்டார் என்றால், அது உள்ளூர்ப் பிணக்கு. மத்தியஸ்த சபைக்குப் போகலாம், சட்டத்தரணி தேவையில்லை. கொழும்பு நிறுவனத்தை அங்கே வரவழைப்பது கடினம்.

எங்கள் வீட்டில் இப்போது முகவரிக் கட்டத்திலேயே டிவிஷன், லய இலக்கம், காம்பரா இலக்கம் எல்லாம் எழுதி, ‘என்னிடம் அல்லது என் தம்பியிடம் மட்டும்’ என்று பெயரோடு சேர்க்கிறோம். நகரத்துக் கிளையில் போய் எடுக்க வசதி இருந்தால் அதைத் தெரிவு செய்கிறோம். ஹட்டனுக்குப் போய்வர பஸ் காசு ஆகும்தான், ஆனால் கையொப்பம் நம்முடையதாக இருக்கும்.